வீட்டில் ஜொலித்த பூ கண்காட்சி மேசையில் ஏன் தோற்கிறது?

கோடை வந்துவிட்டால் அமெரிக்காவில் கவுண்டிக் கண்காட்சிகள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிவிடும். மாடு, ஆடு, ஊறுகாய் ஜாடி, கைத்தையல் போர்வை என்று எல்லாவற்றுக்கும் போட்டி இருப்பதுபோல் பூவுக்கும் தொட்டிச் செடிக்கும் தனி மேசைகள் உண்டு. 'ஓப்பன் கிளாஸ்' எனப்படும் பொதுப் பிரிவில் சாதாரண வீட்டுத் தோட்டக்காரர்கள் பெயர் கொடுக்கலாம். சில கவுண்டிகள் தங்கள் எல்லைக்குள் குடியிருப்பவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும். நீல ரிப்பன் முதல் பரிசு, சிவப்பு இரண்டாவது, வெள்ளை மூன்றாவது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நடுவரின் கண் எதைத் தேடுகிறது என்பதும் புரிந்துவிடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் 1810-ஐ ஒட்டி எல்கானா வாட்சன் என்பவர் நடத்திய கால்நடைக் கண்காட்சியைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். நன்றாக வளர்த்ததைப் பிற விவசாயிகளுக்குக் காட்டி, அவர்களையும் அப்படி வளர்க்கத் தூண்டுவதே அதன் நோக்கம். அந்த நோக்கம் இன்றும் பூ மேசையில் உயிரோடு இருக்கிறது. அழகான பூ எது என்று நடுவர் தேடுவதில்லை. அந்த வகைப் பூ எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வளர்க்கப்பட்டிருக்கிறதா, மதிப்பிடும் அந்த மணி நேரத்தில் அது உச்ச நிலையில் இருக்கிறதா என்று பார்க்கிறார். முந்தின நாள் எப்படி இருந்தது என்பது கணக்கில் வராது. ஆகவே மதிப்பீட்டு நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுகிறவர்களுக்கே ரிப்பன் கிடைக்கிறது. கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கைத் தவறவிட்டதால் வருபவைதான்.

நுழைவு மேசையிலேயே திருப்பிவிட்டார்கள், அல்லது அட்டையில் 'பிரிவு தவறு' என்று எழுதியிருக்கிறது

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். பூவில் குறையே இருக்காது. குறை போட்டிக் கையேட்டை வாசிக்காததில் இருக்கும். ஒவ்வொரு கண்காட்சியும் சில மாதங்களுக்கு முன்பே ஒரு கையேட்டை வெளியிடும். பிரிவு எண், உட்பிரிவு எண், எத்தனை காம்பு, எவ்வளவு பெரிய தொட்டி, எந்த நாள் எத்தனை மணிக்குள் கொண்டுவர வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். போன வருடத்துக் கையேட்டை வைத்துக்கொண்டு போகாதீர்கள், விதிகள் மாறும்.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். 'ஜினியா, 3 பூக்கள்' என்றால் மூன்றுதான். நான்காவது ஒன்று அழகாக இருக்கிறதே என்று சேர்த்தால் மொத்தமும் போட்டியிலிருந்து நீங்கிவிடும். 'ஒரு பூ' என்ற உட்பிரிவில், காம்பின் பக்கவாட்டில் நிறம் காட்டும் மொட்டு ஒன்று இருந்தால் பல நடுவர்கள் அதை இரண்டாவது பூவாகவே எண்ணுவார்கள். அதை வளரும்போதே கிள்ளியிருக்க வேண்டும்.

அடுத்து, தனிப் பூப் போட்டியும் பூ அலங்காரப் போட்டியும் வெவ்வேறு. குப்பி வெறுமையாகத் தெரிகிறதே என்று பக்கத்தில் ஒரு பெரணி இலையைச் செருகும் பழக்கம் பலருக்கு உண்டு. தனிப் பூப் பிரிவில் அது விதிமீறல். அந்தச் செடியின் சொந்த இலை மட்டும், அதுவும் கையேடு கேட்டால் மட்டும் இருக்கலாம்.

அளவு குறித்தும் எச்சரிக்கை தேவை. டேலியாவை அமெரிக்க டேலியா சங்கம் பூவின் குறுக்களவை வைத்துப் பிரிக்கிறது: 4 அங்குலம், 6 அங்குலம், 8 அங்குலம், 10 அங்குலம் என்று படிகள் இருக்கின்றன. கவுண்டிக் கண்காட்சிகள் இதையே சுருக்கி 'பெரியது, நடுத்தரம், சிறியது' என்று வைத்துக்கொள்ளும். கண்ணால் மதிப்பிடாமல் அளவுகோல் வைத்துப் பாருங்கள். செண்டுமல்லியிலும் உயரமான ஆப்பிரிக்க வகைக்கும் குட்டையான பிரெஞ்சு வகைக்கும் தனித்தனி உட்பிரிவு இருக்கும்.

தொட்டிச் செடிகளுக்கு இன்னும் இரண்டு வேலிகள் உண்டு. தொட்டியின் வாய் அளவுக்கு உச்சவரம்பு இருக்கும். செடி உங்கள் பராமரிப்பில் இரண்டு அல்லது மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். கடையில் வாங்கிய செடியை மறுநாளே கொண்டுவந்து பரிசு வாங்குவதைத் தடுக்கும் இந்த நிபந்தனை மிகவும் நியாயமானது. மேலும், 'தனிச் செடி' என்ற உட்பிரிவில் ஒரே தொட்டியில் மூன்று செடிகள் இருந்தால் ஏற்க மாட்டார்கள். நாற்றங்காலில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாற்றுகளைச் சேர்த்து நட்டு அடர்த்தியாகக் காட்டுவார்கள். மண்ணருகே விலக்கிப் பார்த்து, எத்தனை தண்டு கிளம்புகிறது என்று எண்ணிவிட்டுப் பெயர் கொடுங்கள்.

பறித்தபோது விறைப்பாக இருந்தது. நடுவர் வரும் நேரத்தில் தலை தொங்கிவிட்டது

பூ வாடுவதற்குத் தண்ணீர் இல்லாதது காரணமல்ல, தண்ணீர் மேலே ஏறாததுதான் காரணம். காம்பை வெட்டிய கணத்திலேயே உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் காற்றை உறிஞ்சிக்கொள்கின்றன. அந்தக் காற்றுக் குமிழ் ஓர் அடைப்பாக நின்றுவிடுகிறது. அழுக்கு வாளியில் பெருகும் பாக்டீரியாவும் அதே குழாய்களை அடைக்கிறது. தலை தொங்கிய பிறகு குப்பியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயன் குறைவு.

ஆகவே வேலை முந்தின நாள் மாலையே தொடங்க வேண்டும். வெயில் தணிந்த பிறகு பூவைப் பறியுங்கள். நடுப்பகலில் பறிக்கவே கூடாது. அதற்கு முந்தின நாள் செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். பிளீச் கலந்த தண்ணீரில் கழுவி அலசிய வாளியைச் செடியருகே தூக்கிச் செல்லுங்கள்; பூவைக் கையில் சேர்த்துக்கொண்டு கடைசியில் வாளியில் போடுவதற்கும், வெட்டிய உடனே ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்குவதற்கும் உள்ள வேறுபாடு மறுநாள் மேசையில் தெரியும். கத்தரிக்கோல் கூர்மையாக இருக்கட்டும், மழுங்கிய கத்தி குழாய்களை நசுக்கிவிடும்.

வீட்டுக்குள் வந்ததும் காம்பின் அடியைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே இன்னும் இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் இலைகள் அனைத்தையும் உருவிவிடுங்கள், மூழ்கிய இலை அழுகத் தொடங்கினால் தண்ணீர் கெட்டுப்போகும். கை பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ், வெதுவெதுப்பான தண்ணீரில் காம்புகளை நிறுத்தி, குளிர்ச்சியான இருட்டறையில் இரவு முழுதும் விடுங்கள். வெதுவெதுப்பான நீர் குழாய்களில் எளிதாக ஏறுகிறது. அடித்தள அறை இருக்கும் வீடுகளில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்தப் பொது விதிக்கு அடங்காத பூக்களும் இருக்கின்றன. ஹைட்ரேஞ்சியா இதழ் வழியாகவும் நீரை ஏற்கும், வாடினால் முழுத் தலையையும் தண்ணீரில் அமுக்கி அரை மணி நேரம் விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பாப்பி போன்று காம்பில் பால் வடியும் பூக்களுக்கு, வெட்டிய முனையைத் தீக்கொழுந்தில் சில விநாடிகள் காட்டிப் பாலை உறையச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பால் வடிந்துகொண்டே இருந்து தண்ணீர் ஏறாது.

ஜினியாவுக்கு எந்தப் பக்குவத்தைவிடவும் பறிக்கும் பருவம்தான் முக்கியம். பூவுக்குக் கீழே ஒரு சாண் இறக்கிக் காம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கழுத்து வளைந்து பூ தலையாட்டினால் அது இன்னும் முற்றவில்லை. பறித்தால் எந்தத் தண்ணீரும் அதைக் காப்பாற்றாது. காம்பு முழுதும் குச்சியாக நின்று பூவும் அதனுடன் சேர்ந்தே அசைந்தால் பறிக்கலாம். இந்த ஒரு சோதனையைச் செய்தாலே ஜினியா மேசையில் பாதிப் பேரை முந்திவிடலாம். டேலியா பறித்த பிறகு பெரிதாக விரியாது. ஆகவே ஏறக்குறைய முழுமையாக மலர்ந்த நிலையில், பின்னிதழ்கள் தளரத் தொடங்குவதற்கு முன் பறிக்க வேண்டும்.

கார்ப் பயணமும் பூவைக் கொல்லும். டிக்கியில் வைக்காதீர்கள். உள்ளே வைத்து, ஏசியை முன்கூட்டியே போட்டு வண்டி குளிர்ந்த பிறகு ஏற்றுங்கள். காய்கறிப் போட்டிக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்திருந்தால் தக்காளியையும் முலாம்பழத்தையும் பூக்களுடன் ஒரே வண்டியில் அடைக்க வேண்டாம். பழுக்கும் காய்களிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு கார்னேஷன், ஸ்னாப்டிராகன், டெல்ஃபினியம் போன்றவற்றை வெகு சீக்கிரம் முதுமையாக்கிவிடும். 'காலையில் நன்றாக இருந்ததே, இதழெல்லாம் கொட்டிவிட்டதே' என்ற புலம்பலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கிளாடியோலஸ் நுனி கொக்கியாக வளைந்துவிட்டது

படுக்க வைத்துக் கொண்டுவந்திருப்பீர்கள். கிளாடியோலஸின் நுனி எப்போதும் புவியீர்ப்புக்கு எதிர்த்திசையில் வளரும்; சில மணி நேரம் கிடையாக வைத்தாலே நுனி மேல்நோக்கித் திரும்பிவிடும், பிறகு நேராக்க முடியாது. உயரமான வாளியில் நிமிர்த்தியே வைத்து எடுத்து வாருங்கள். கதிரில் அடியிலுள்ள மூன்றில் ஒரு பங்கு பூக்கள் விரிந்தும், நடுப்பங்கு நிறம் காட்டியும், நுனி பச்சை மொட்டாகவும் இருப்பது பொதுவாக நடுவர்கள் விரும்பும் நிலை. அடிப்பூ ஒன்று வாடிவிட்டதென்று கிள்ளி எறிந்தால் அந்த வெற்றிடம் பளிச்சென்று தெரியும்.

ரோஜா மேசையில் முழுக்க விரிந்துவிட்டது; அல்லது மொட்டாகவே நின்றுவிட்டது

நீண்ட காம்பில் ஒற்றைப் பூ தரும் ஹைபிரிட் டீ ரோஜாவின் உச்ச நிலை பாதி முதல் முக்கால் பங்கு விரிந்திருப்பது. நடுவில் கூர்ந்து எழும் சுருள், அதைச் சுற்றி ஒழுங்காக விலகும் இதழ்கள். அமெரிக்க ரோஜா சங்கம் 100 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கிறது: வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, காம்புக்கும் இலைக்கும் 20, இதழின் திடத்துக்கு 15, அளவுக்கு 10, பூவும் காம்பும் பொருந்தும் விகிதத்துக்கு 10. கவுண்டி நடுவர் இந்த அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. அவர் கண் ஏறத்தாழ இந்த வழியில்தான் நகரும். பூவைப் போலவே காம்புக்கும் இலைக்கும் கணிசமான எடை இருப்பதை இதில் கவனியுங்கள். கரும்புள்ளி நோய் தின்ற இலையுடன் வரும் மிக அழகான ரோஜா அங்கேயே சறுக்கிவிடும்.

விரிதலைக் கட்டுப்படுத்தக் குளிர்பதனப் பெட்டி உதவும். சரியான நிலைக்குச் சற்று முன்பாகவே பறித்து, தண்ணீரில் நிறுத்தி, 2 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் கூடத் தாங்கும். அதே பெட்டியில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது, காரணம் மேலே சொன்ன எத்திலீன்தான். இன்னும் விரியாமல் நிற்கும் பூவை மதிப்பீட்டுக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாற்றி வெளிச்சத்தில் வைத்தால் சற்று இளகும். இந்தக் குளிர்ப் பக்குவம் எல்லாப் பூவுக்கும் பொருந்தாது. ஜினியாவும் துளசியின் உறவான பேசில் கதிரும் கடுங்குளிரில் கருத்துப்போகும்.

பக்க மொட்டுகளைச் சிறியதாக இருக்கும்போதே நகத்தால் கிள்ளிவிட்டால் தழும்பு ஆறி மறைந்துவிடும். கண்காட்சியன்று காலையில் கிள்ளினால் பூவின் கழுத்தடியில் பச்சைக் காயமாகத் தெரியும், நடுவர் அதை நிச்சயம் பார்ப்பார். இலையைப் பளபளப்பாக்க எண்ணெயோ பாலோ தடவ வேண்டாம். ரோஜாக் கண்காட்சிகளில் வெளிப்பொருள் பூசுவது தகுதியிழப்புக்குரிய குற்றம். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

மூன்று பூவில் ஒன்று மிகச் சிறப்பு, இருந்தும் ரிப்பன் இல்லை

பல பூக்கள் கேட்கும் உட்பிரிவில் மதிப்பிடப்படுவது ஒற்றுமை. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே மலர்ச்சி, ஒரே காம்பு நீளம். இரண்டு நடுத்தரப் பூக்களுக்கு நடுவே ஒரு பெரிய பூவை வைத்தால், அந்தப் பெரிய பூவே மற்ற இரண்டின் குறையை எடுத்துக்காட்டிவிடும். தேவையானதைப்போல் மூன்று நான்கு மடங்கு பறித்து, மேசையில் பரப்பி, அட்டையில் வெட்டிய ஒரு வட்டத்துக்குள் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மிகப் பெரியதைத் தனிப்பூப் பிரிவுக்கு ஒதுக்கிவிடலாம். பத்துச் செடிக்கு மேல் ஒரே வகையில் நடாமல் இந்த உட்பிரிவில் ஜெயிப்பது கடினம், அதனால் இது விதைக்கும் நாளிலேயே முடிவாகிவிடும் போட்டி.

இதழில் ஓட்டை, ஓரத்தில் பழுப்பு, வெள்ளிக்கோடு

ஓட்டைகள் பெரியதாக, ஓரம் கடிபட்டதாக இருந்தால் ஜூலையில் மத்திய மேற்கு மாநிலங்களை மொய்க்கும் ஜப்பானிய வண்டாக இருக்கும். காலைக் குளிரில் அது மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர்க் குவளையை அடியில் பிடித்துத் தட்டிவிடுங்கள். போட்டிக்கென்று குறித்த மொட்டுகளுக்கு மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டிவிட்டால் கவலை இல்லை. வண்டே கண்ணில் படாமல் டேலியா இதழ் மட்டும் இரவோடு இரவாகக் கடிபட்டிருந்தால், வாலில் இடுக்கி உள்ள இயர்விக் பூச்சியைச் சந்தேகியுங்கள். நுழைவு மேசைக்கு முன் பூவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே ஒளிந்திருப்பது விழும். கிளாடியோலஸ் இதழிலும் இலையிலும் வெள்ளிக்கோடு தெரிந்தால் அது இலைப்பேன். அதற்கு அந்த வாரத்தில் வைத்தியம் இல்லை. ஜினியா இலையில் மாவு படிந்ததுபோல் சாம்பல் நோய் வந்திருந்தால், கையேடு கேட்கும் அளவுக்கு நல்ல இலைகளைக் காம்பின் மேற்பகுதியில் விட்டுவைத்து, மற்றவற்றை நீக்கலாம்.

தொட்டிச் செடி: 'ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது'

ஜன்னலோரச் செடிகளுக்கு நடுவர்கள் எழுதும் குறிப்புகளில் இது அடிக்கடி வரும். செடி வெளிச்சத்தை நோக்கி வளர்கிறது, உங்களுக்குத் தெரிவது அதன் முன்முகம் மட்டும். நடுவர் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்புங்கள். வசந்தத்திலிருந்து செய்தால்தான் ஆகஸ்டில் உருண்டையாக வரும்.

ஆப்பிரிக்க வயலட்டில் இந்தச் சமச்சீர்தான் உயிர். மேலிருந்து பார்த்தால் இலைகள் சக்கரத்தின் ஆரங்களைப்போல் இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருக்க வேண்டும். இலைக் கக்கத்தில் முளைக்கும் பக்கக் கன்றுகள் இந்த அடுக்கைக் குலைத்துவிடும். அவை சின்னஞ்சிறியதாக இருக்கும்போதே பென்சில் முனையால் நெம்பி எடுத்துவிட வேண்டும். கிளம்புவது கன்றா பூக்காம்பா என்ற குழப்பம் வந்தால், இரண்டு இலைக்கு மேல் வரும்வரை பொறுங்கள். அதற்கு மேல் இலை வந்தால் கன்று. மதிப்பீட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்புவரை மொட்டுகள் அனைத்தையும் கிள்ளிக்கொண்டே வந்து, பிறகு விட்டுவிட்டால் பூக்கள் ஒரே சமயத்தில் குவியலாக நிமிரும். கிள்ள மனம் வராதவர்களின் செடி ஜூன் மாதத்தில் அழகாக இருந்துவிட்டு, போட்டியன்று இரண்டு பூவோடு நிற்கும். குளிர்ந்த தண்ணீர் இலையில் பட்டால் வெளிறிய வளையங்கள் விழும், அவை மறையாது. அறைச் சூட்டில் உள்ள தண்ணீரையே விடுங்கள். ரோமம் உள்ள இலை என்பதால் தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், துணி வேண்டாம்.

'இலை சுத்தமில்லை', 'தொட்டி சுத்தமில்லை'

ஒரு மணி நேர வேலை, பலர் செய்வதில்லை. வழவழப்பான இலைகளை ஈரத் துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். உப்புநீர்க் கறை போகவில்லை என்றால் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து துடைக்கலாம். இலை மினுக்கும் திரவங்களைத் தொடாதீர்கள். பழுப்பு நுனியைக் குறுக்காக வெட்டாமல் இலையின் இயல்பான கூர்வடிவத்திலேயே கத்தரித்துவிடுங்கள். மண்தொட்டியில் படிந்த வெள்ளை உப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். விலைச்சீட்டு, பிளாஸ்டிக் குச்சி, மேல்மண்ணில் கிடக்கும் காய்ந்த இலை எல்லாம் போகட்டும். கற்றாழை வகைகளில் மேலே படிந்திருக்கும் வெண்பொடியை மட்டும் துடைக்கக் கூடாது, அது அழுக்கல்ல. விரல் தடம் பட்டால் அந்த இடம் திட்டாகத் தெரியும்.

தொட்டியை மாற்றுவதாக இருந்தால் ஆறு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். முந்தின நாள் மாற்றிய செடி நிலைகொள்ளாமல் ஆடும்.

பூச்சி இருக்கிறது என்று உள்ளேயே விடவில்லை

விடாதது சரிதான். நெருக்கி வைத்த நூறு செடிகளுக்கு நடுவில் ஒரு செடியின் மாவுப்பூச்சி போதும். கொண்டுபோவதற்கு இரண்டு வாரம் முன்பே தேடத் தொடங்குங்கள். மாவுப்பூச்சி இலை தண்டோடு சேரும் மூலையில், பஞ்சுத் துளி ஒட்டியதுபோல் இருக்கும். மல்லிகையில் இன்னும் தந்திரமாக, மொட்டுக் கொத்தின் அடியில் பச்சைப் புல்லிவட்டத்துக்குள் பதுங்கும். பார்வைக்கு மொட்டின் வெண்மைபோலவே இருப்பதால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், பிசுபிசுப்பு விரலில் ஒட்டும். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்ய வேண்டும். முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும். ஆல்கஹால் சில இலைகளைச் சுடும், முதலில் ஓர் இலையில் சோதித்துக்கொள்ளுங்கள். செஞ்சிலந்திக்கு வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது சிலந்தி. தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்புறத்தைக் கழுவுவது அதற்கு நல்ல முதல் மருந்து. தொட்டியை அசைத்ததும் மண்ணிலிருந்து சிறு கொசுக்கள் கிளம்பினால் தண்ணீர் அதிகம் விடுகிறீர்கள், மேல்மண் காயட்டும்.

மல்லிகையும் கறிவேப்பிலையும் வைத்தேன், நடுவர் கடந்துபோய்விட்டார்

குளிர்காலம் முழுதும் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றி, மே மாதத்தில் வெளியே எடுத்து வளர்க்கும் நம் செடிகளுக்கு இந்த மேசையில் இடம் உண்டு. உழைப்பு அவ்வளவு போட்டிருக்கிறீர்கள், பெயர் கொடுக்கத் தயங்காதீர்கள். ஆனால் நடுவர் அறியாத செடியை அவர் எதனுடன் ஒப்பிடுவார்? அட்டையில் தாவரவியல் பெயரை எழுதுங்கள்: மல்லிகைக்கு ஜாஸ்மினம் சம்பக், கறிவேப்பிலைக்கு முரயா கோனிகி. தனி உட்பிரிவு இல்லையென்றால் 'இங்கே குறிப்பிடப்படாத பிற செடிகள்' என்ற உட்பிரிவு பெரும்பாலும் இருக்கும். மூலிகைப் பிரிவில் கறிவேப்பிலையை ஏற்பார்களா என்று பொறுப்பாளரை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மல்லிகைக்கு நேரம்தான் எதிரி. அந்தியில் மலர்ந்து மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் நிறம் மங்கிவிடும். காலை மதிப்பீடு என்றால் முந்தின மாலை மலர்ந்தவை இன்னும் தாங்கும். மாலை மதிப்பீடு என்றால் பழுப்பேறிய பூக்கள் நிறைந்த செடியாகத் தெரியும். அப்படியானால் மங்கிய பூக்களைக் கிள்ளிவிட்டு, முற்றிய மொட்டுகள் வெண்மை காட்டும் நிலையில் கொண்டுபோங்கள். அடுக்கு மல்லி ஒற்றை வகையைவிடச் சற்று நேரம் தாங்கும்.

கறிவேப்பிலையில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த குழாய்த் தண்ணீரில் இது அடிக்கடி வரும். பல வாரங்கள் முன்பே இரும்புச் சத்து உரம் கொடுத்தால்தான் புதுத் துளிர் பச்சையாக வரும், மஞ்சளான பழைய இலை முழுதாகத் திரும்பாது. இன்னொரு முக்கியமான விஷயம்: எலுமிச்சை இனத்தைப் பாழாக்கும் பசுமை நோயைப் பரப்பும் ஆசிய சைலிட் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். ஃபுளோரிடா, டெக்சஸ், கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்களில் தடுப்பு எல்லைகள் இருக்கின்றன, அவற்றைத் தாண்டிச் செடியைக் கொண்டுபோகச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. அந்தப் பகுதிகளில் குடியிருப்பவர்கள் செடியை வண்டியில் ஏற்றுவதற்கு முன் தங்கள் கவுண்டியின் வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்தக் குறையும் தெரியவில்லை, இருந்தும் சிவப்பு ரிப்பன்தான்

அந்தக் கண்காட்சி எந்த முறையில் மதிப்பிடுகிறது என்று பாருங்கள். ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறையில் உங்களைவிட நல்ல பூ ஒன்று வந்திருந்தால் போதும், நீங்கள் இரண்டாவது. டேனிஷ் முறையில் ஒவ்வொரு பதிவும் ஒரு தரஅளவோடு ஒப்பிடப்படும்; நான்கு பேருக்கு நீலம் கிடைக்கலாம், ஒருவருக்கும் கிடைக்காமலும் போகலாம். 4-எச் என்ற சிறுவர், இளைஞர் அமைப்பின் பிரிவுகளில் இந்த முறைதான் வழக்கம். எந்த முறையானாலும், மேசையில் உங்கள் பூ ஒன்றே ஒன்று இருந்தாலும் தரம் போதவில்லை என்றால் நீல ரிப்பனை நடுவர் தராமல் விடலாம்.

சில கண்காட்சிகளில் மதிப்பீட்டைப் பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம். நடுவர் ஒவ்வொரு பதிவையும் கையில் எடுத்துக் காரணத்தைச் சொல்லிக்கொண்டே போவார். அந்த இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும் பாடம் வேறெங்கும் கிடைக்காது. அந்த வாய்ப்பில்லை என்றால் மதிப்பீடு முடிந்ததும் நீல ரிப்பன் பெற்ற பூவையும் உங்களுடையதையும் பக்கத்துப் பக்கத்தில் படம் எடுத்து, காம்பு, இலை, மலர்ச்சி, அளவு என்ற வரிசையில் ஒப்பிடுங்கள்.

பரிசு வாங்கிய செடி வீட்டுக்கு வந்ததும் நோய்வாய்ப்படுகிறது

கண்காட்சி நடக்கும் நாள்களில் மங்கிய வெளிச்சம், புழுக்கம், யாரோ ஒருவர் ஊற்றும் தண்ணீர் என்று செடி பட்டிருக்கும். தண்ணீர் விடுவது தன்னார்வலர்கள்தான். கள்ளி வகையாக இருந்தால் 'தண்ணீர் வேண்டாம்' என்று ஒரு சிறு குறிப்பைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்த செடியை நேராகப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகாமல், மற்ற செடிகளிலிருந்து விலக்கி இரண்டு மூன்று வாரம் தனியறையில் வையுங்கள். வாரம் இருமுறை இலையடியைப் பாருங்கள். நேர்வெயிலில் நின்ற செடியாக இருந்தாலும் உடனே வெயிலில் வைத்தால் இலை கருகும், நிழலில் தொடங்கிச் சில நாள்களில் படிப்படியாக மாற்றுங்கள். வயலட்டாக இருந்தால் மிச்சமிருக்கும் பூக்களை எல்லாம் கிள்ளிவிட்டு ஓய்வு கொடுங்கள்.